மூணுகாலை ஏன் வைத்தோம்

போன மாதம் ஒரு நாள் முற்பகலில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையைக் கழுவிவிட்டு எடுத்தால், நித்யா. நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில், நான் உட்கார்ந்திருந்த அதே டெஸ்டிங் பிரிவில் இப்போது இன்ஜினியராக இருக்கிற பெண். நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. சௌக்கியமா, சாப்பிட்டீங்களா எல்லாம் முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், படகுல வைக்கிற ஆபத்துப் பெட்டி இருக்கே, அதோட ரீசெட் சர்க்யூட்ல ஒரு மூணு கால் ஐசி இருக்கு. அதை எடுத்துட்டு ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் மட்டும் போட்டாப் போதும், செலவு குறையும்னு டிசைன்ல சொல்றாங்க. எதுக்காக வச்சாங்கன்னு பழைய ஃபைலைத் தேடினேன். காரணம்ங்கிற கட்டத்துல வெறும் கோடுதான் இருக்கு. கீழ உங்க கையெழுத்து இருக்கு. ஏதாவது ஞாபகம் இருக்கா மேடம்?"

ஞாபகம் இருக்கிறதாவாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டேன். மீதி இறாலை எப்படி உரித்தேன் என்று எனக்கே தெரியாது, பாதி தலையோடு சட்டியில் விழுந்திருந்தது. அந்தப் பெண்மேல் கோபமில்லை. தேடிப் பார்த்திருக்கிறாள், கேட்டிருக்கிறாள். கோபமெல்லாம் அந்தக் கோட்டின்மேல். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவள்மேல்.

நான் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். எங்கள் நைனா கடலுக்குப் போனவர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். குப்பத்தில் எனக்கு "லைட்டுக்காரி" என்று பெயர் வந்தது. ரேடியோ, டார்ச், டிவி எது கெட்டாலும் என் தலையில் கட்டுவார்கள். கம்பெனியில் சேர்ந்து முதல் ஐந்து வருஷம் சால்டரிங் புகைதான் தின்றேன். அப்புறம் டெஸ்டிங். திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். அந்தக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆபத்துப் பெட்டி என்பது செங்கல் அளவுக்கு ஒரு ஆரஞ்சுப் பெட்டி. நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் படகின் பேட்டரியில் மாட்டி, சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். இருக்கும் இடம் கரைக்குச் செய்தியாகப் போகும். போனதும் பச்சை விளக்கு எரியும். அதைப் படகுக்காரர்களுக்குக் கொடுக்க ஆர்டர் வந்தபோது எங்கள் பிரிவிலேயே அதிகமாகத் துள்ளியது நான்தான். கூடவே வைக்கிற தமிழ் அட்டையை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "பச்சை விளக்கு எரிந்தால் செய்தி போய்விட்டது. நங்கூரம் போட்டு, இருந்த இடத்திலேயே காத்திருங்கள்." என் கையால் எழுதிய வாக்கியம்.

இப்போது அந்த மூணுகாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்சாரம் வந்தவுடன் பெட்டிக்குள் இருக்கும் சிப் முதலிலிருந்து சரியாகத் தொடங்க வேண்டும். மின்சாரம் முழுசாக வந்து நிலைக்கும்வரை அதைப் "பொறு" என்று பிடித்து வைத்துவிட்டு, "இப்போது போ" என்று விடுவதுதான் ரீசெட் சர்க்யூட். அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய மூன்று கால் உள்ள ஒரு சின்ன ஐசி உண்டு. மின்சாரம் வருகிறதா, குறைகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நாங்கள் அதை மூணுகால் என்போம். இரண்டாவது தடவையாகப் பெட்டிகள் தயாரித்த லாட்டில் அதைத் தூக்கிவிட்டு, ஒரு ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் போட்டார்கள். கெப்பாசிட்டர் நிரம்ப ஆகும் நேரம்தான் "பொறு". அவ்வளவே. பெட்டிக்கு ஒரு டீக் காசு மிச்சம். நோகாமல் நொங்கு தின்கிற வேலை.

அந்த மாற்றத்தைச் சோதித்துப் பாஸ் போட்டவர் எங்கள் மேலாளர் ரங்கராஜன் சார். அவரை மோசமான மனிதர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பெட்டி பழுது என்று திரும்பி வந்தால் அவர் கையாளும் விதமே தனி. முதலில் வரிசை எண்ணைக் குறிப்பார். மேசைமேல் வெள்ளைத் துணி விரிப்பார். பெட்டியின் மூலைகளில் ஸ்குரு எப்படி இருந்ததோ அதே வரிசையில் துணியின்மேல் வைப்பார். மூடியைத் திறந்ததும் எதையும் தொடமாட்டார், குனிந்து ஒருதரம் முகர்ந்து பார்ப்பார். கருகிய வாசனை இருந்தால் மூக்கே சொல்லிவிடும். சத்தம் போட்டுப் பேச மாட்டார். எங்கள் எல்லோரையும் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி: "எத்தனை பீஸ்ல பார்த்தீங்கம்மா?"

அந்த வருஷம், அந்த லாட்டில் வந்த ஒரு பெட்டியோடு, என் தம்பி சேகரின் ஃபைபர் படகில் நாலு பேர் போனார்கள். சேகர், அவன் கூட்டாளிகள் இரண்டு பேர், எங்கள் அத்தையின் வீட்டுக்காரர் துளசி மாமா. காலையில் முகத்துவாரம் தாண்டி வெகுதூரம் போனபின் இன்ஜின் நின்றுவிட்டது. பெட்டியை எடுத்து மாட்டி அமுக்கினார்கள். பச்சை எரிந்தது. நங்கூரம் போட்டு உட்கார்ந்தார்கள்.

உச்சிவெயிலில் பக்கத்துக் குப்பத்துப் படகு ஒன்று அருகே வந்து, கயிறு கட்டி இழுத்துப்போகிறோம் என்றது. இழுத்து வந்தால் அவர்களுடைய அன்றைய தொழில் போயிற்று. சேகருக்கு வரலாம் என்றுதான் இருந்ததாம். துளசி மாமாதான் தடுத்திருக்கிறார்.

"சேதி பூட்சிப்பா, வந்துகினு கீறாங்க. உங்க பொழப்ப ஏன் கெடுத்துக்கிறீங்க? டேய் சேகரு, நம்ம வசந்தா எழுதிக்கீறாடா. இருந்த எடத்துலயே இருக்கணும்னு எழுதிக்கீறா. அவ எழுதுனா தப்பா இருக்குமா?"

அந்தப் படகு போய்விட்டது. சாயங்காலம் காற்று ஏறி நங்கூரக் கயிறு அறுந்தது. மூன்றாம் நாள் ஆந்திரக் கரைப் பக்கத்துப் படகு ஒன்று அவர்களைப் பார்த்தபோது தண்ணீர்க் கேன் காலியாகி ஒரு நாளுக்குமேல் ஆகியிருந்தது. மாமா அன்று காலையிலேயே போய்விட்டார். கடைசியாக இருந்த தண்ணீரைச் சின்னவர்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்று சேகர் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

கரைக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை.

காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று அந்தப் பெட்டி ரங்கராஜன் சார் மேசையில் வெள்ளைத் துணிமேல் இருந்தது. வரிசை எண், ஸ்குரு, முகர்வது எல்லாம் நடந்தது. லேப் பவர் சப்ளையில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார், பொத்தானை அமுக்கினார். செய்தி போனது. நூறு தடவை செய்தார். நூறு தடவையும் போனது. அறிக்கையில் "பழுது இல்லை" என்று எழுதினார்.

"சார், பச்சை எரிஞ்சுதுன்னு திரும்பி வந்த மூணு பேரும் சொல்றாங்க. அதுவும் அமுக்கறதுக்கு முன்னாடியே எரிஞ்சுதுன்னு என் தம்பி சொல்றான்."

"அம்மா, தாகத்துல, பயத்துல இருந்தவங்க. முன்னாடி, பின்னாடி எல்லாம் குழம்பும். உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா உணர்ச்சி வேற, இன்ஜினியரிங் வேற."

எங்கள் ஆட்கள் கடலில் நட்சத்திரத்தைப் பார்த்து வழி சொல்கிறவர்கள். ஒரு விளக்கு எப்போது எரிந்தது என்று சொல்லத் தெரியாதா? ஆனால் எத்தனை பீஸ் என்று அவர் கேட்டால் சொல்ல என்னிடம் எண் இல்லை.

அடுத்த ஞாயிறு சேகரிடம் உட்கார்ந்தேன். "இன்னா செஞ்சியோ அத்த அப்டியே செஞ்சு காட்டு, பேசாத" என்றேன். பெட்டியோடு கொடுத்த ஸ்விட்சை எப்போதோ வெட்டி எறிந்திருந்தான். உப்புக் காற்றில் எந்த ஸ்விட்சும் இரண்டு மாதம் தாங்காது, பச்சையாகப் பூத்துப்போகும். அதனால் வெறும் வயர் முனைதான். பெட்டி கம்பெனியில் கிடந்ததால், படகு விளக்கின் வயரை வைத்துக் காட்டினான். கறுப்பை பேட்டரியில் முறுக்கினான். சிவப்பை எடுத்து முனையில் ஒரு தட்டுத் தட்டினான். சிறு பொறி பறந்தது. கையை எடுத்த வேகத்தில் மறுபடி வைத்து முறுக்கிவிட்டான்.

"நில்லு. அது இன்னாடா தட்டுறது?"

"பொறி பாக்கறதுக்கா. பொறி வந்தா பேட்டரிக்கு உசுரு கீதுன்னு அர்த்தம். பாத்துட்டுதான் மாட்டுவோம்."

"எல்லாரும் அப்டியா?"

"பின்ன? நைனா சொல்லிக் குடுத்தாரு. நீ மட்டும் லைட்டுக்காரி, உனக்குத் தெரியாதா இன்னா?" என்று சிரித்தான். அந்தச் சாவுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து நைனா கையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போயிருக்கிறது. பொறி பார்க்காமல் வயர் மாட்டுகிற ஒரு ஆள் எங்கள் கரையில் கிடையாது. அந்தத் தட்டில் மின்சாரம் கண் இமைக்கும் நேரம் வந்து, போய், மறுபடி வரும். முதல் தட்டிலேயே கெப்பாசிட்டர் நிரம்ப ஆரம்பித்துவிடும். வடிவதற்குள் இரண்டாவது தடவை மின்சாரம் வந்துவிடும். "பொறு" என்று சொல்ல வேண்டியது, நேரம் ஆகிவிட்டது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். சிப் அரைகுறையாக எழுந்து நின்றுபோகும். எழும்போது விளக்குகளைச் சரிபார்க்க முதலில் பச்சையை ஒரு விநாடி எரியவிட்டு அணைப்பது வழக்கம். அந்த விநாடியில் நின்றால் பச்சை எரிந்தபடியே இருக்கும். பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் உள்ளே கேட்க ஆளில்லை.

மறுநாள் படகுப் பேட்டரியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். திருப்பாலைவனத்தில் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, ஆசிட் கொட்டி யாரு காலாச்சும் வெந்துச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?" "நான்தான் சொல்லணும்பா, விடு" என்றேன். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ரங்கராஜன் சார் மேசையில் வெள்ளைத் துணிமேலேயே அந்த அழுக்குப் பேட்டரியை வைத்தேன். தட்டினேன், மாட்டினேன். இருபது தடவை. ஆறு தடவை பெட்டி பச்சையைக் காட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. அவர் எழுந்து வந்தார். ஆசிலோஸ்கோப்பை மாட்டி, என்னை மறுபடி தட்டச் சொன்னார். பிறகு வயரைத் தானே வாங்கித் தட்டினார். அவர் கைக்கு அந்த வேகம் வரவில்லை, இரண்டு மூன்று தடவை முயன்றபின் வந்தது. திரையில் மின்சாரத்தைக் காட்டும் கோடு பாதியில் தொங்குவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். பிறகு உட்கார்ந்து பேனாவைத் திறந்து எழுதினார். "வாடிக்கையாளர் தவறான முறையில் இணைத்ததால்."

அன்று நான் கத்தியது கேன்டீன்வரை கேட்டது என்றார்கள்.

"யாரு சார் தவறு? ரெண்டு மாசத்துல பூத்துப் போற ஸ்விட்சைக் குடுத்தது அவரா? மூணுகாலைப் புடுங்கினது அவரா? வந்த படகைத் திருப்பி அனுப்பினாரே, ஏன்? நான் எழுதின அட்டையை நம்பி சார்! பெட்டி பொய் சொல்லுச்சு, அது சொன்ன பொய்யைத் தமிழ்ல எழுதிக் குடுத்தவ நானு. எத்தனை பீஸ்னு கேப்பீங்களே, இந்தாங்க, ஒரு பீஸு. எங்க மாமா!"

அவர் பேனாவை மூடினார். கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நீங்க சொல்றது சரி. நான் அந்தச் சோதனையைச் செஞ்சிருக்கணும். ஆனா இதை இப்படியே எழுதினா கேஸ், விசாரணைன்னு ரெண்டு வருஷம் ஓடும். அதுவரைக்கும் ஒரு போர்டுகூட மாறாது. எழுதாம விடுங்க, அடுத்த வாரமே மூணுகாலைத் திருப்பிப் போட வைக்கிறேன். வெளியில போன பெட்டி எல்லாத்துக்கும் இலவச சர்வீஸ் முகாம்னு போட்டு நீங்களே போய் மாத்துங்க."

சொன்னதைச் செய்தார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்தடுத்த ஞாயிறுகளில் நானும் சேகரும் குப்பம் குப்பமாகப் போய் உட்கார்ந்தோம். இருநூற்றுச் சொச்சம் பெட்டிகளுக்கு என் கையால் மூணுகாலை வைத்துச் சால்டர் பண்ணினேன். "இன்னாக்கா ஃப்ரீயா பண்றீங்க, எதுனா எலெக்‌ஷனா?" என்று கேலி செய்தார்கள். காரணம் கேட்டவர்களுக்குப் பராமரிப்பு என்று சொன்னேன். என் அத்தையிடமும் அதையேதான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மாற்றக் குறிப்பில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ரங்கராஜன் சார் ஸ்கேலை வைத்து அதில் நேராக ஒரு கோடு போட்டார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். வேலை நடந்தால் போதும் என்று நினைத்தேன். என்ன புத்திசாலித்தனம்! காரணம் தெரியாத பாகம் ஒன்று போர்டில் உட்கார்ந்திருந்தால், செலவைக் குறைக்க வருகிறவன் முதலில் அதைத்தானே பிடுங்குவான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நித்யா போன் பண்ணியதற்கு மறுநாள், அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "மேடம், இப்போ வர்ற சிப் எல்லாம் ரொம்ப நல்லது. சிமுலேஷன்ல பார்த்தாச்சு, பிரச்சினையே இல்ல" என்றாள். எனக்கு ரங்கராஜன் சார் குரலே கேட்டது. "அப்படியா? அந்தப் புதுப் போர்டை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை குப்பத்துக்கு வா. வஞ்சிர மீன் குழம்பு வைக்கிறேன்" என்றேன்.

வந்தாள். கணவனோடு வண்டியில் வந்து, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். கரையேற்றிய படகின் விளிம்பில் பேட்டரியை வைத்தோம். புதுப் போர்டை வெளியே எடுத்தாள். சோதனைக்காக அதன் செய்தி அவள் போனுக்கு வருகிற மாதிரி வைத்திருந்தாள். சேகருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. "பொறி பாத்து மாட்டுடா" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். சிவப்பு வயரை எடுத்தான்.

தட்டினான், மாட்டினான், அமுக்கினான். நித்யாவின் போன் ஒலித்தது. அவள் முகம் மலர்ந்தது. இரண்டாவது தடவையும் ஒலித்தது. மூன்று, நாலு, ஐந்து. "மேடம், நான் சொன்னேன்ல" என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் நாம்தான் பழங்கதை பேசுகிறோமோ என்று தோன்றியது. அப்படித்தான் இருக்கட்டுமே என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

ஒன்பதாவது தடவை மாட்டியதும் பச்சை வந்தது. அணையவில்லை. சேகர் அமுக்கினான். நித்யா போனைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினான். அவள் போனைக் காதருகே கொண்டுபோனாள், ஏதோ மெதுவாகக் கேட்டுவிடும் என்பதுபோல.

"பச்சை எரியுதே..." என்றாள்.

"அன்னிக்கும் எரிஞ்சுதும்மா" என்றான் சேகர்.

நித்யா அங்கேயே படகின் நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மூணுகாலை எடுக்கக் கூடாது என்று எழுத ஆரம்பித்தாள். சேகர் எட்டிப் பார்த்தான்.

"இன்னாம்மா எழுதற?"

"காரணம் எழுதணும் அண்ணா. மின் இணைப்பு விட்டு விட்டு வரும்போது ரீசெட் ஆகாமல் கருவி உறைந்துவிடுகிறது, பச்சை விளக்கு தவறாக எரிகிறதுன்னு."

"கரெக்டுதான். கூட துளசின்னு ஒண்ணு எழுதிக்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். இந்த மாதிரி கட்டத்தில் ஆள் பெயரெல்லாம் எழுதமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாளில் சொல்லாதவள்.

"அவர் முழுப் பேர் என்ன அண்ணா?" என்று சேகரிடமே கேட்டாள்.

"துளசிராமன்."

அவள் எழுதி முடித்து, ஒருதரம் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். சேகர் சரி என்று தலையாட்டிவிட்டு, எழுந்து போய்ப் பேட்டரியிலிருந்து வயரைப் பிடுங்கினான். அதுவரைக்கும் பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது.